67 நானோ நொடிக்குள்

சாங்கி பிசினஸ் பார்க்கில் எங்கள் குழுவின் வேலை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஓடும் நெட்வொர்க் நிரல் கோடை (code) வேகப்படுத்துவது. 10 கிகாபிட் இணைப்பில் எல்லாமே மிகச் சிறிய பாக்கெட்டுகளாக, அதாவது தரவுத் துண்டுகளாக, வந்தால் நொடிக்கு சுமார் 1.49 கோடி. பிராசசரின் ஒரே கோர் எல்லாவற்றையும் கவனித்தால் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 200 சைக்கிள், அதாவது பிராசசரின் கடிகாரத் துடிப்பு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான கேஷில் இல்லாத ஒன்றைத் தேடி ரேமுக்கு ஒருமுறை போய்வந்தாலே அது தீர்ந்துவிடும்.

புதிதாகச் சேருபவர்கள் முதலில் கைவைப்பது லூப்பில். அப்புறம் எந்த நிபந்தனை அதிகம் நடக்கும், எது நடக்காது என்று கம்பைலருக்குச் சொல்லும் லைக்லி, அன்லைக்லி குறிப்புகளைக் கோடு முழுக்கத் தூவுவார்கள். எனக்கு அந்தத் தூவல் பிடிக்காது. கோடு அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று பிராசசரே ஊகிக்கும் பிராஞ்ச் பிரடிக்டருக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதுதான் பெரும்பாலும்.

ஒருமுறை கோர்களைக் கூட்டியும் வேகம் ஏறவே இல்லை. நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் பெர்ஃப் கருவி காட்டிய இடத்தில், கோர்களைக் காத்திருக்க வைக்கும் பூட்டு இல்லை, கணக்கு இல்லை. ஒரு பாயிண்டரை, அதாவது தரவு இருக்கும் முகவரியை, படிக்கும் வரி மட்டும். தஞ்சாவூர்க்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். “கோட விடு தம்பி. ஸ்ட்ரக்ட்ல பக்கத்துல யாரு குடியிருக்கான்னு பாரு.”

ஸ்ட்ரக்ட் என்பது பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு. அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் பாஹோலில் போட்டுப் பார்த்தால், அந்தப் பாயிண்டரும் பாக்கெட்டுக்கு ஒன்று ஏறும் கவுண்டரும் ஒரே 64 பைட் கேஷ் லைனில். கேஷ் தரவைக் கையாளும் துண்டு அதுதான். ஒரு கோர் கவுண்டரில் எழுதினால் மற்ற கோர்களிடம் இருக்கும் அந்த லைனின் பிரதி செல்லாததாகிவிடும்; பாயிண்டர் மாறாவிட்டாலும் அதை மறுபடி கொண்டுவர வேண்டும். கோப்பிக்கடையில் ஒருத்தர் தான் சிந்தியதைத் துடைக்க, மேசையில் இருக்கிற எல்லாரும் தட்டைத் தூக்குவது மாதிரி. லினக்ஸ் 4.10-இல் வந்த பெர்ஃபின் சி2சி கட்டளை இதைத்தான் பிடித்துக் காட்டும்.

கவுண்டரைக் கோருக்கு ஒன்றாகப் பிரித்தோம். அந்தத் திருத்தம், அதாவது பேட்ச், சின்னது; அதற்கு எழுதிய விளக்கம்தான் நீளம். வாதம் வேறு பக்கமிருந்து வந்தது. கண்காணிப்புக் குழுவுக்கு மொத்த எண்ணிக்கை வேண்டும். இப்போது அதை எல்லாக் கோர்களிலிருந்தும் கூட்ட வேண்டும், கூட்டி முடிப்பதற்குள் சில மாறியிருக்கும். “அப்ப இந்த நம்பர் தப்பா?” என்று கேட்டார்கள். தப்பில்லை, ஒரே கணத்தின் படமும் இல்லை என்று புரியவைக்கத்தான் பேட்சைவிட அதிக நேரம் பிடித்தது.

ரிவியூவில் நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில்: ஸ்ட்ரக்டில் அந்தப் பாயிண்டர் ஃபீல்டின் இடம் மாறினால் பில்டே, அதாவது கோடைத் தொகுப்பதே, நின்றுவிட வேண்டும். காலி இடம் தெரிந்தால் யாராவது புதிய ஃபீல்டைச் செருகிவிடுவார்கள். 2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8-இல் டிசிபி உள்ளிட்ட முக்கிய நெட்வொர்க் ஸ்ட்ரக்ட்களைக் கேஷ் லைன் வாரியாக அடுக்கியபோது, இதே மாதிரியான பில்ட் சோதனைகளையும் சேர்த்தார்கள்.