போர்ட் லூயிஸ்ல எங்கப்பா போட்ட க்யூ

மொரீஷியஸ் போறோம்னு சொன்னதும் சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டது எந்த பீச்சு, எந்த ரிசார்ட்னுதான். எங்கப்பா மட்டும் டிக்கெட் போட்ட அன்னிக்கே சொல்லிட்டாரு, "பீச்சு நீங்க போய்க்கோங்க, எனக்கு போர்ட் லூயிஸ்ல ஒரு முழு நாள் வேணும்"னு. மனுஷன் போஸ்டாபீஸ்ல கவுன்ட்டர் கிளார்க்கா சேர்ந்து போஸ்ட்மாஸ்டரா ரிடையர் ஆனவரு, ஸ்டாம்ப் சேக்குற கிறுக்கு வேற. உலகத்துலயே ரொம்ப அபூர்வமான ஸ்டாம்புங்கள்ல ரெண்டு அந்தத் தலைநகர்ல ஒரு மியூசியத்துல இருக்கு. அப்புறம் எந்தக் கடல், எந்த அலை. பையிலே மாத்து வேட்டிக்கு முன்னாடி லென்ஸ்தான் போச்சு, அதுவும் பழைய மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள்ள பஞ்சு வெச்சு.

காலையில வந்த டாக்சிக்காரரு டேஷ்போர்டுல முருகன் வெச்சிருந்தாரு. எங்கம்மாவுக்கு அது போதும். "தம்பி எந்த ஊரு, சொந்த ஊரு எது, கொழந்தைங்க எத்தனை"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அவருக்குத் தெரிஞ்ச தமிழ் வணக்கமும் முருகாவும்தான், மிச்சமெல்லாம் அந்த ஊர்ப் பேச்சு கிரியோல், ஃப்ரெஞ்ச், கொஞ்சம் இங்கிலீஷ். ஆனாலும் தைப்பூசத்துக்கு காவடி எடுப்பேன்னு ஸ்டியரிங்க விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிக் காமிச்சாரு பாருங்க, அம்மாவுக்கு சந்தோஷம், எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. தைப்பூசம் அங்க நாடு முழுக்க கவர்மெண்ட் லீவு. கைலாசன்னு ஒரு மீனாட்சி சொக்கலிங்கம் கோயில் போர்ட் லூயிஸ்லயே இருக்கு, அங்கயும் கூட்டிட்டுப் போறேன்னாரு. அம்மா அதுக்குள்ள அவரை வீட்டு ஆளாவே ஆக்கிட்டாங்க.

ஊரு மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவுல மாட்டிட்டிருக்கு. தீவோட நடுவுல க்யூர்பிப் பக்கம் மழை பெய்யும்பாங்க, இங்க இறங்கினா நம்ம ஊர் மே மாசம்தான். ப்ளாஸ் தார்ம்னு ஒரு இடம், ரெண்டு பக்கமும் பனை மாதிரி நெட்ட நெட்ட மரம், கடலைப் பாத்தபடி ஒரு வெள்ளக்காரர் சிலை. மஹே தெ லா பூர்தொனே, 1735ல இந்த ஊருக்கு கவர்னரா வந்து துறைமுகம் கட்டினவரு. கட்டடம் கட்ட பாண்டிச்சேரி பக்கத்துல இருந்தே நம்ம ஆளுங்க கொத்தனாரா தச்சரா அப்பவே வந்திருக்காங்க. இதே ஆளுதான் 1746ல கப்பலோட போய் மெட்ராஸையும் பிடிச்சவருன்னு நான் பையன்கிட்ட சொன்னேன். "அப்ப நம்ம எதிரியா?"ன்னு கேட்டான். ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல, எதிர்ல ஐஸ்க்ரீம் வண்டி நின்னுச்சு, தப்பிச்சேன்.

அப்பா எதையும் நிமிர்ந்து பாக்கல. நேரா கோடான் வாட்டர்ஃப்ரண்ட், நேரா ப்ளூ பென்னி மியூசியம். ஆளுக்கு முன்னாடி அஞ்சடி போறாரு. வீட்ல மாடிப்படி ஏறச் சொன்னா முட்டிவலி.

கதை தெரியாதவங்களுக்கு, 1847ல மொரீஷியஸ் ரெண்டு ஸ்டாம்ப் போட்டாங்க, ஒரு பென்னி ஆரஞ்சு சிவப்புல, ரெண்டு பென்ஸ் நீலத்துல. பிரிட்டிஷ் காலனிங்கள்ல முதல் முதலா ராணி தலை போட்டு வந்தது இதுதான். ஒவ்வொண்ணும் 500 அடிச்சதுல இன்னிக்கு உலகத்துல தெரிஞ்ச வரைக்கும் ரெண்டும் சேத்து 27தான் மிச்சம். கவர்னர் பொண்டாட்டி லேடி கோம் ஒரு டான்ஸ் பார்ட்டி வெச்சு அதுக்கு இன்விடேஷன் அனுப்ப இதைத்தான் ஒட்டினாங்களாம். 1993ல சூரிச்ல நடந்த ஏலத்துல இந்த ஊர் கம்பெனிங்க ஒண்ணா சேர்ந்து ரெண்டு மில்லியன் டாலருக்கு மேல குடுத்து ஒரு ஜோடிய வாங்கிட்டு வந்து, 2001ல இந்த மியூசியத்தைத் திறந்தாங்க. இதெல்லாம் நான் படிச்சதில்ல, ஃப்ளைட்ல எனக்கும் என் பக்கத்து சீட்டுக்காரருக்கும் அப்பா சொன்னது. அந்தாளு ஹனிமூன் போறாரு பாவம்.

ஸ்டாம்ப் இருக்கிற ரூமுக்குள்ள போனோம். இருட்டுதான், அந்தக் கண்ணாடிப் பெட்டியில மட்டும் லைட்டு. அப்பா போய் நின்னாரு. கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு, மாட்டினாரு, லென்ஸ எடுத்தாரு. அப்புறம் மெதுவா பேரனை இழுத்து முன்னாடி நிறுத்தி பாடம் ஆரம்பிச்சாரு. மேல போஸ்டேஜ், வலது பக்கம் மொரீஷியஸ், கீழ டூ பென்ஸ், இடது பக்கம் பாரு, போஸ்ட் ஆபீஸ்னு இருக்கு பாத்தியா, அடுத்த வருஷம் வந்த ஸ்டாம்புல போஸ்ட் பெய்டுன்னு மாத்திட்டாங்க, அதனால முதல்ல அச்சு செதுக்கினவன் மறந்துபோய் தப்பா போட்டுட்டான்னு ஒரு கதை கட்டிவிட்டானுங்க, சுத்தப் பொய்டா, ஆராய்ச்சி பண்ணவங்களே இல்லன்னுட்டாங்க, டிபார்ட்மெண்ட் ஆளுங்க மேல பழி போடுறதுன்னா எல்லாருக்கும் இனிக்கும். எந்தக் காலத்துலயோ செத்துப்போன அந்த அச்சுக்காரனுக்காக இவரு யூனியன் தலைவர் மாதிரி வாதாடுறாரு, கண்ணுல தண்ணி வேற நிக்குது.

அப்ப செக்யூரிட்டி அக்கா பக்கத்துல வந்து ரொம்ப மரியாதையா சொன்னாங்க, "சார், இது நகல்."

விஷயம் என்னன்னா வெளிச்சம் பட்டா கலர் போயிடும், அதனால ஒரிஜினலுக்கு மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம்தான் லைட்டு போடுவாங்க, மத்த நேரமெல்லாம் பாக்கிறவங்களுக்கு நகல்தான். என் வொய்ஃப் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டா, தோள் மட்டும் குலுங்குது. அப்பா அசரல. "எனக்குத் தெரியும், டெமோ குடுத்தேன்"னாரு.

லைட்டு வர நேரத்துக்கு சரியா ஒரு கூட்டம் வந்துச்சு, கப்பல்ல வந்து இறங்கின ஃப்ரெஞ்ச் தாத்தா பாட்டிங்க. லைட்டு வந்ததும் எல்லாம் ஒரேயடியா கண்ணாடி மேல சாஞ்சாங்க. அவ்ளோதான், எங்கப்பாவுக்குள்ள இருந்த பழைய கவுன்ட்டர் கிளார்க் முழிச்சுக்கிட்டான். பென்ஷன் குடுக்கிற நாள்ல கூட்டத்தை அடக்கின குரல் அது, சாதாரணமா வராது. "லைன் ப்ளீஸ்! ஒன் பை ஒன்! டோண்ட் புஷ்!"

என்ன ஆச்சரியம்னா வெள்ளக்காரங்க எல்லாம் வரிசையில நின்னுட்டாங்க. மியூசியம் ஆளுன்னே நெனச்சிருப்பாங்க, செக்யூரிட்டி அக்காவே ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்னுச்சு. அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு ஆளுக்கு இவ்ளோ நேரம்னு கையாலயே நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தள்றாரு. ஒருத்தர் ரெண்டாவது தடவை பாக்க நைஸா நடுவுல நுழைஞ்சாரு, தோளைத் தொட்டு கடைசிக்கு அனுப்பிட்டாரு. கடைசியா ஒரு பாட்டிம்மா, கண்ணாடிய கப்பல்லயே விட்டுட்டு வந்துருச்சு போல, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குது. அப்பா தன் லென்ஸ எடுத்துக் குடுத்தாரு. பாட்டி அந்த லென்ஸ வெச்சுக்கிட்டு ராணியோட கிரீடத்துல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு எழுத்தா, நிதானமா, ஆஹா ஓஹோன்னு பாத்து முடிச்சு, மெர்சி மெர்சின்னு லென்ஸ திருப்பிக் குடுத்துச்சு, டக்குனு லைட்டு போச்சு.

அம்மா வெளிய வந்து சொன்னது: "கல்யாணத்துலயும் இப்படித்தான், எல்லாருக்கும் பந்தி பரிமாறிட்டு இவரு பட்டினி."

அடுத்த லைட்டுக்கு இன்னும் முக்கால் மணிக்கு மேல இருக்கு. அப்பா இடத்தை விட்டு நகர மாட்டேன்னுட்டாரு. சரின்னு அவரை அங்கயே ஒரு ஓரமா உக்கார வெச்சுட்டு நாங்க கெளம்பினோம்.

பையனுக்கு டோடோ பாக்கணும். கம்பெனி கார்டன் பக்கத்துல நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், டிக்கெட்டே கிடையாது. 1598ல டச்சுக்காரன் வந்து இறங்கினான், நூறு வருஷம் தாங்கல அந்தப் பறவை, பறக்கத் தெரியாது, மனுஷனைப் பாத்தா பயப்படவும் தெரியாது. ஒரே டோடோவோட எலும்பு முழுசா இருக்கிறது உலகத்துலயே இங்கதான், மத்த ஊர்ல இருக்கிறதெல்லாம் பல டோடோவோட எலும்ப பொறுக்கி சேத்தது. டோடோ புறா குடும்பம்னு படிச்சுட்டு பையன் வெளிய வந்து, ஆலமரத்தடியில மேஞ்சிட்டிருந்த புறாவைப் பாத்து ரொம்ப சீரியஸா "சொந்தக்காரங்க இங்க இருக்காங்க, சொல்லவா வேணாமா"ன்னு கேட்டான்.

பசிக்குதுன்னு மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில தோல் பூரி வாங்கினோம். பேருதான் பூரி, எண்ணெயில பொரிக்கிறதில்ல, உள்ள கடலப்பருப்பு வெச்சு தட்டின இனிப்பில்லாத போளின்னு வெச்சுக்கோங்க. ஜோடியாத்தான் தருவாங்க, ஒண்ணு கேட்டா ஒரு மாதிரி பாக்கிறாங்க. மொச்சை மாதிரி பெரிய பீன்ஸ் குழம்பு, ருகாய்னு தக்காளித் தொக்கு மாதிரி ஒண்ணு, மேல பச்சமிளகா சட்னி, சுருட்டி பேப்பர்ல மடிச்சுக் கையில. மிளகா போடவான்னு கேட்டதுக்கு "நாங்க தமிழ்நாடு"ன்னு என் வொய்ஃப் கெத்தா சொன்னா. ரெண்டாவது வாயில பேச்சு நின்னுருச்சு. சப்ஜா விதையும் அகர் அகரும் போட்ட அலூடான்னு ஒரு பால் சர்பத், அதை அடுத்தடுத்து குடிச்சுதான் மறுபடி குரல் வந்துச்சு.

காசு குடுக்கிற இடத்துல இன்னொரு கூத்து. மொரீஷியஸ் நோட்டுல இங்கிலீஷுக்கு அடுத்தது தமிழ், அதுக்கப்புறம்தான் ஹிந்தி. 1998ல புது நோட்டுல இந்த வரிசைய மாத்தி அடிச்சாங்க, தமிழ் ஆளுங்க பெரிய ரகளை பண்ணி அந்த நோட்டையே வாபஸ் வாங்க வெச்சுட்டாங்க. நூறு ரூபா நோட்டுல இருக்கிறவர் ரெங்கநாதன் சீனிவாசன், நம்மாளு. அம்மா அதை விரிச்சுப் பாத்தவங்க மடிச்சு மஞ்சப்பையில போட்டுட்டாங்க. "தமிழ் எழுதியிருக்கிற காசை எப்படிடா செலவு பண்றது, சாமி ரூம்ல வெக்கணும்." எல்லா நோட்டுலயும் தமிழ் இருக்கும்மான்னு நான் சொல்லிருக்கக் கூடாது, அதுக்கப்புறம் அந்தப் பையிலருந்து ஒரு பைசா வெளிய வரல, தோல் பூரியில இருந்து கருவேப்பில வரைக்கும் என் பர்ஸுதான்.

திரும்பி வர்ற வழியில ஆப்ரவாசி காட். 1834ல இருந்து 1920 வரைக்கும் கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேரு கரும்புக் காட்டுக்கு கான்ட்ராக்ட் கூலியா இந்தத் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க, அவங்களைப் பதிஞ்சு அனுப்பின டிப்போ இது, 2006ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேந்துச்சு. கருங்கல் படி கொஞ்சம், ஆஸ்பத்திரி கட்டடம் இருந்த இடம், அவ்வளவுதான். வாய் ஓயாம பேசிட்டு வந்த அம்மா அங்க செருப்ப கழட்டிட்டு நின்னாங்க. டாக்சிக்காரரு தன் கொள்ளுத்தாத்தா இப்படித்தான் வந்தாருன்னு கையால படியக் காமிச்சாரு. பையனும் கேள்வி எதுவும் கேக்கல.

மியூசியத்துக்கு மூச்சு வாங்க ஓடினோம். இந்த ரவுண்டுக்கு எங்களைத் தவிர ஆளே இல்ல. அப்பா இதுக்குள்ள செக்யூரிட்டி அக்காவோட பென்ஷன் ரூல்ஸ் வரைக்கும் விசாரிச்சு முடிச்சிருந்தாரு. தோல் பூரிய நீட்டினேன், எண்ணெய்க் கையோட இதுக்கிட்ட வராதேன்னு என்னை ரெண்டடி பின்னாடி தள்ளினாரு. லைட்டு வந்துச்சு. ஆரஞ்சு முதல்ல, அப்புறம் நீலம். ஒரு வார்த்தை பேசல. லென்ஸ எடுக்கல. ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பெரிய ஆபீசர் மாதிரி கடைசி வரைக்கும் நின்னாரு. லைட்டு போனப்புறம்தான் வாயத் திறந்தாரு: "ரெண்டு பென்ஸுக்கு வாங்கினது. நம்ம ஆர்டி, என்எஸ்சி, கிசான் விகாஸ் பத்திரம், எதுலயும் இந்த வட்டி கிடையாதுடா."

உள்ள போட்டோ எடுக்க விட மாட்டாங்க. ரிடையர்டு ஸ்டாஃப் வாட்சப் க்ரூப்புல காலையில இருந்து போட்டோ எங்க எங்கன்னு கேட்டுட்டிருக்காங்க. அதனால ஸ்டாம்ப் படம் போட்ட கார்டு ஒரு கத்தை வாங்கி, அத்தனை பேருக்கும் அட்ரஸ் எழுதி (எல்லாம் பின்கோடோட மனப்பாடம்), ஒரு போஸ்டாபீஸைத் தேடிப் போனோம். கவுன்ட்டர்ல சின்னப் பொண்ணு. பெட்டியில போட்டா போதும்னு அது சொல்லுது, இவரு கேக்கல, கண்ணு முன்னாடி முத்திரை விழணும், அதுவும் ஓரமா, தேதி தெரியிற மாதிரி. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா டப்பு டப்புன்னு குத்துச்சு. அப்பா எட்டிப் பாத்துட்டு என்கிட்ட ரகசியமா சொன்னாரு, "கை நல்ல கை. மைதான் ஜாஸ்தி."

வெளிய வந்தா மணி அஞ்சு ஆகப்போகுது. அந்த ஊர் ஆபீஸ் விட்டதும் காலியாயிடும், மார்க்கெட்ல ஷட்டர் பாதி இறங்கிடுச்சு. கைலாசன் கோயிலாவது போலாமான்னு அம்மா கேக்கிறாங்க, டாக்சிக்காரரு சரிங்கிறாரு. அப்பா மட்டும் ரோட்டோரத்துல இருந்த தபால் பெட்டிக்கு முன்னாடி குனிஞ்சு, அடுத்த க்ளியரன்ஸ் எத்தனை மணிக்குன்னு படிச்சிட்டிருக்காரு.