பாக்கெட் உணவில் ஏதாவது கிடந்தால் முதலில் கழுவாதீர்கள்

பாக்கெட்டிலோ டின்னிலோ வந்த உணவில் கண்ணாடித் துண்டு, கம்பி, பூச்சி என்று ஏதாவது கிடந்தால் பெரும்பாலானோர் அதைக் குழாயில் கழுவிப் பார்ப்பார்கள், மீதி உணவைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். கோபத்திலும் அருவருப்பிலும் கை தானாகவே அப்படித்தான் போகும். ஆனால் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கும் பெரும்பாலும் இவையே காரணம்.

முதலில் சாப்பிட்டவரைக் கவனியுங்கள். வாயில் இருப்பதை முழுவதும் ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். வாய் கொப்பளித்த தண்ணீரும் அதே கிண்ணத்துக்குள்தான் போக வேண்டும். சின்னத் துணுக்கு ஏதாவது இருந்தால் அதில் தங்கும். டார்ச் அடித்து நாக்கு, ஈறு, தொண்டை ஓரம் எல்லாம் பாருங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பற்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உணவில் கிடைத்ததாக நினைக்கும் கடினமான துண்டு, சொந்தப் பல்லை அடைத்த சிமெண்டாகவோ உடைந்த பல்லின் ஓரமாகவோ இருப்பது அபூர்வமல்ல.

விழுங்கிவிட்டிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கூரானது மேலே வரும்போது இரண்டாவது முறையாகக் கிழிக்கும். எதையாவது உருட்டி விழுங்கி அதை உள்ளே தள்ளவும் முயல வேண்டாம். சின்னதாக, வழவழப்பாக இருப்பவை பெரும்பாலும் சில நாளில் தானாகவே வெளியேறிவிடும். கூரானது அல்லது நீளமானது என்றால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாந்தியில் ரத்தம், கறுப்பாக மலம் போவது, வயிற்றுவலி கூடிக்கொண்டே போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பட்டன் பேட்டரியோ ஒன்றுக்கு மேற்பட்ட காந்தமோ உள்ளே போயிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும்.

அடுத்தது பொருளைப் பத்திரப்படுத்துவது. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். பொருள் உணவோடு ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுங்கள். முதலில் பாக்கெட்டோடு சேர்த்து ஒரு படம், பிறகு பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம், கடைசியாக பேட்ச் எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரிகிற ஒரு படம். ஸ்கேல் வெறும் சம்பிரதாயம் அல்ல. சாப்பிடத் தயாரான உணவில் 7 முதல் 25 மி.மீ. வரை நீளமுள்ள கடினமான அல்லது கூரான பொருளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் காயம் விளைவிக்கக்கூடியதாகக் கருதுகிறது. 7 மி.மீ.க்குக் குறைந்தால் ஆபத்து குறைவு, ஆனால் குழந்தைகள், முதியோர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் அளவைச் சொல்லாமல் கொடுக்கும் புகார் பாதிப் புகார்தான்.

படம் எடுத்த பிறகு சுத்தமான இடுக்கியாலோ ஸ்பூனாலோ எடுத்து ஜிப் கவரிலோ மூடியுள்ள சின்ன டப்பாவிலோ போடுங்கள். செலோடேப்பில் ஒட்டாதீர்கள்; பசை ஒட்டிய பொருளைச் சோதிப்பது சிரமம். பூச்சியோ கெட்டுப்போகும் பொருளோ என்றால் ஃப்ரீசரில் வையுங்கள். மீதி உணவு, உறை, மூடி, பில் எல்லாமே வேண்டும். வாங்கிய நாள், திறந்த நாள், எங்கே வைத்திருந்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள், எந்தப் பாத்திரத்தில் பரிமாறினீர்கள் என்பதையெல்லாம் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

பூச்சி கிடந்த உணவை மறுபடி சூடாக்காதீர்கள். பூச்சிகளின் உடலில் பாஸ்படேஸ் என்ற நொதி உண்டு, சூட்டில் அது செயலிழந்துவிடும். ஆய்வகத்தில் அந்த நொதி இன்னும் வேலை செய்கிறது என்று தெரிந்தால், தொழிற்சாலை அடுப்பைத் தாண்டிய பிறகுதான் பூச்சி உள்ளே போனது என்று சொல்லலாம். நீங்கள் ஒருமுறை சூடாக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். நாளாக ஆக நொதி தானாகவும் குறையும், அதனால் தாமதமும் கெடுதல்தான்.

புகார் கொடுக்கும் முன் அது என்னவென்று நிதானமாகப் பாருங்கள். டின் மீனில் கண்ணாடி போலத் தெரிகிற பளிங்குத் துண்டு பல சமயம் ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகம்தான். மீனிலேயே உள்ள மக்னீசியம், பாஸ்பேட், அம்மோனியா மூன்றும் சேர்ந்து உருவாவது, தீங்கில்லாதது. ஒரே ஒரு துணுக்கை மட்டும் வினிகரில் போட்டு லேசாகச் சூடாக்குங்கள். படிகம் என்றால் சில நிமிடத்தில் கரையத் தொடங்கும். கண்ணாடி கரையாது. மீதியைத் தொடாதீர்கள். திராட்சைச் சாற்றின் அடியில் கிடக்கும் மணல் போன்ற துகளும், முதிர்ந்த பாலாடைக்கட்டியின் வெள்ளைப் புள்ளிகளும் இப்படிப்பட்டவையே. பழச்சாற்றில் மிதக்கும் சதைபோன்ற கட்டி பெரும்பாலும் பூஞ்சை, உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலே அது வளர்ந்துவிடும். பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். குடிக்காதீர்கள், ஆனால் செத்த பிராணி என்று அவசரப்பட்டு எழுதிவிடவும் வேண்டாம்.

உங்கள் சமையலறையையும் விட்டுவிடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரின் இழை, மிக்சி பிளேடின் நுனி, டின் திறப்பான் சீவிவிட்ட உலோகச் சுருள், விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு எல்லாவற்றையும் எடுத்து, கிடைத்த பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். பார்த்துவிட்டேன், பொருந்தவில்லை என்று படத்தோடு சொன்னால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

யாரிடம் சொல்வது? கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரலாம், காரணத்தைக் கண்டுபிடிக்க அவரால் ஆகாது. உறையில் உள்ள வாடிக்கையாளர் எண்ணில் கம்பெனியிடமும், உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லுங்கள். காயம் பட்டிருந்தாலோ பொருள் ஆபத்தானதாக இருந்தாலோ அதிகாரிக்குத்தான் முதல் அழைப்பு. ஊசி, பிளேடு, மாத்திரை, உறையில் துளை என்று யாரோ வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றினால் போலீசுக்குப் போங்கள், அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள். அதே பேட்சில் வீட்டில் இருக்கும் மற்ற பாக்கெட்டுகளைத் திறக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.

கம்பெனி சாம்பிள் கேட்கும். கையில் உள்ளதை முழுவதும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதிகாரியிடம் புகார் இருந்தால் அவரைக் கேட்காமல் எதையும் தராதீர்கள். பிரிக்க முடிந்தால் ஒரு பங்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே துண்டு என்றால் நன்றாகப் படம் எடுத்து, ஒப்புகைச் சீட்டும் புகார் எண்ணும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். இலவசமாகப் பொருள் அனுப்புகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றால் அந்தத் தாளை வரிவரியாகப் படியுங்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி இருந்தால், அறிக்கை வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

“எங்கள் பாக்கெட் எல்லாம் மெட்டல் டிடெக்டர் வழியாகத்தான் போகிறது” என்ற பதில் வரக்கூடும். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் போதாது. இரும்பைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பிடிப்பது அந்த இயந்திரத்துக்குக் கடினம். மெல்லிய கம்பி எந்தத் திசையில் படுத்துப் போகிறது என்பதைப் பொறுத்துத் தப்பிவிடவும் செய்யும். எக்ஸ்ரே கண்ணாடியையும் கல்லையும் காட்டும். முடி, மரச்சீவல், மெல்லிய பிளாஸ்டிக், பூச்சி எதையும் எளிதில் காட்டாது. அதனால் பொருள் எதனால் ஆனது, உணவைத் தயாரித்த இயந்திர லைனில் அதே பொருளால் ஆன பாகம் எங்கே இருக்கிறது, அதே பேட்சுக்கு வேறு புகார் வந்ததா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஃப்ரீசரில் இருக்கும் உங்கள் பங்கை எடுத்து எறியாதீர்கள்.