கம்பி தெரியும் கூரையில் கலவை பூசுவதற்கு முன்

கூரையின் அடிப்பக்கத்தில் சிமெண்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. ஆள் வந்து தளர்ந்ததைத் தட்டிவிட்டு, கம்பியில் சிவப்பு பிரைமர் அடித்து, கலவையை அப்பி, பெயிண்டும் பூசிவிட்டுப் போகிறார். சில மழைக்காலம் போவதற்குள் அதே இடத்திலோ ஒரு சாண் தள்ளியோ மறுபடி உதிர ஆரம்பிக்கிறது. பழி முழுக்கக் கலவை மேல் விழும். பெரும்பாலும் கலவை மேல் தப்பில்லை. கம்பி ஏன் துருப்பிடித்தது என்று பார்க்காமலே வேலையைத் தொடங்கியதுதான் கோளாறு.

நல்ல கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. உள்ளே காரத்தைக் காட்டும் பிஎச் எண் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பி மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கும். இந்தப் படலம் கெடுவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, காரத்தைத் தின்று, பிஎச்சை 9-க்குக் கீழே கொண்டுவந்துவிடுவது ஒன்று. இதைக் கார்பனேஷன் என்கிறார்கள். இன்னொன்று குளோரைடு, அதாவது உப்பு. கடற்காற்றில் வரும், கழுவாத கடல் மணலிலோ உப்புத் தண்ணீரிலோ கலவை போட்டிருந்தால் கட்டும்போதே உள்ளே இருக்கும். இரண்டில் எது நடந்தாலும் துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், பிளந்து விழுகிறது.

எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. பினாப்தலீன் 1 கிராம், 70 மில்லி எத்தனால், 30 மில்லி தண்ணீர். இந்தக் கரைசலை அப்போதுதான் உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளித்தால், காரம் உள்ள பகுதி அடர் இளஞ்சிவப்பாக மாறும். காரம் போன பகுதி நிறம் மாறாது. மேற்பரப்பிலிருந்து நிறம் தொடங்கும் இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்தால் அதுதான் கார்பனேஷன் ஆழம். டிரில் போட்ட துளைக்குள் தெளித்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்: உள்ளிருந்து வரும் காரத் தூள் துளை முழுக்க ஒட்டிக்கொள்வதால் எல்லா இடமும் சிவப்பாகத் தெரியும். உளியால் உடைத்து, தூசியை ஊதிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் தெளிக்க வேண்டும்.

இந்த ஆழம் நாளாக நாளாக ஒரே வேகத்தில் கூடுவதில்லை. தோராயமாக, காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 20 வருடக் கட்டிடத்தில் ஆழம் 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 15-ஐ 20-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.35. கம்பிக்கு 20 மி.மீ. கவர் இருந்தால் கார்பனேஷன் கம்பியைத் தொட ஏறக்குறைய 36 வருடம் ஆகும். அதே கான்கிரீட்டில் கவர் 10 மி.மீ.தான் என்றால்? 9 வருடம். கவர் பாதியானால் காலம் கால்பங்காகிவிடும். கான்கிரீட் கொட்டும்போது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் நகர்ந்து, கம்பி அடியிலுள்ள சென்ட்ரிங் பலகையில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஒரே கூரையில் ஒரு மூலை மட்டும் உதிர்ந்து மற்ற இடம் நன்றாக இருப்பதற்கும் பல சமயம் இதுதான் காரணம். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தெளித்த கரைசல் கம்பியைச் சுற்றிலும் நல்ல சிவப்பாகக் காட்டுகிறது, ஆனாலும் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்றால் குளோரைடைச் சந்தேகிக்க வேண்டும். பினாப்தலீனுக்கு உப்பு தெரியாது. கம்பி சீராகத் தேயாமல் அங்கங்கே குழி விழுந்திருப்பதும் உப்பின் அடையாளம். 10 மி.மீ. இடைவெளியில் ஆழம் ஆழமாகத் துளையிட்டு, ஒவ்வொரு ஆழத்தின் தூளையும் தனித்தனி உறையில் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சிமெண்ட் எடையில் 0.4 சதவீதம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் எல்லை, ஆனால் அது கோடு கிழித்தாற்போன்ற எல்லை அல்ல. மேலே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் உப்பு வெளியிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவென்றால் கலவையிலேயே இருந்தது. பின்னது பெரிய தலைவலி.

கான்கிரீட் முகத்தில் மோதித் துள்ளும் அளவைக் காட்டும் ரீபவுண்ட் ஹேமர் எண்ணை மட்டும் வைத்து 'கான்கிரீட் பலமாக இருக்கிறது' என்று எழுதித் தரும் அறிக்கைகளை நம்ப வேண்டாம். கார்பனேஷன் ஆன மேல்தோல் கெட்டிப்பட்டுவிடும், எண் உயர்ந்து காட்டும். கம்பியின் நிலையைப் பற்றி அந்தக் கருவி எதுவும் சொல்லாது. அதற்குக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனை வேண்டும். செம்பு-செம்பு சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்கு மேலே இருந்தால் துரு இல்லாமலிருக்க அதே அளவு வாய்ப்பு. இடைப்பட்டதில் தீர்ப்பு சொல்ல முடியாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் முதலில் முடித்துவிட வேண்டும். மேலே குளியலறை அல்லது மொட்டைமாடி இருந்தால் வடிகாலை அடைத்து 25 மி.மீ. தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். கூரை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் முட்டுக் கொடுக்காமல் தண்ணீர் தேக்கக் கூடாது.

இனி வேலை. சிறு சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டி, பொக்கென்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் குறிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட இந்த வளையம் பெரிதாகத்தான் இருக்கும். வளையத்துக்கு வெளியே கிரைண்டரால் நேர்கோடாக 10 மி.மீ. ஆழம் வெட்ட வேண்டும், கம்பியைத் தொட்டுவிடாமல். இந்த வெட்டு இல்லையென்றால் கலவையின் ஓரம் அப்பளம் போல மெலிந்து முதலில் அங்கேதான் பெயரும். பிறகு உடைத்துக்கொண்டே போய் கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. இடைவெளி விட வேண்டும். பெரும்பாலானவர்கள் கம்பியின் பாதி வட்டம் தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பின்பக்கத் துரு அப்படியே இருக்கும், புதுக் கலவைக்கும் பிடிமானம் இருக்காது. துரு இல்லாத கம்பி வரும் வரை நீளவாக்கிலும் உடைக்க வேண்டும்.

கம்பியை வெள்ளையாகத் தேய்த்தபின் வெர்னியரால் அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் 'ஒரு மில்லிதானே' என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. 20, 25 சதவீதத்தைத் தாண்டினால் பொறியாளரைக் கேட்டு இணைகம்பி வைக்க வேண்டும், இரு பக்கமும் நல்ல கம்பியோடு போதிய லேப், அதாவது இரண்டும் சேர்ந்து ஓடும் நீளம், விட்டு. துருவின் மேலேயே துத்தநாக பிரைமர் அடிப்பதால் பயன் இல்லை.

பழைய கான்கிரீட்டை முந்தைய இரவே ஊறவைத்து, பூசும்போது மேலே ஈரம் மினுங்காமல் இருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் ஒட்டவைக்கும் பாண்டிங் கோட் அடித்து, அது காய்வதற்குள் பாலிமர் கலவையை அடுக்கடுக்காக அழுத்தி ஏற்ற வேண்டும். அடிக்கூரையில் ஒரே மூச்சில் 40 மி.மீ. ஏற்றினால் தன் எடையிலேயே தொங்கி, பின்னால் வெற்றிடம் விடும். எஸ்பிஆர் என்ற பாலிமர் கலந்த கலவையைச் சாதாரண சிமெண்ட் போல ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. ஓரிரு நாள் ஈரம், பிறகு காற்றில் உலர்த்தல். அப்போதுதான் உள்ளே பாலிமர் படலம் உருவாகும்.

அந்த 'ஒரு சாண் தள்ளி' மர்மத்துக்கு வருவோம். உப்பு உள்ள கூரையில் துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் ஆனோடாக, அதாவது தான் அரிபடும் மின்முனையாக, இருந்து பக்கத்துக் கம்பியைத் தன்னையறியாமல் காத்து வந்தது. அங்கே புதுக் கலவை போட்டதும் அந்தக் காவல் போகிறது. இப்போது ஓரத்துக்கு வெளியே, உப்பு நிறைந்த பழைய கான்கிரீட்டில் உள்ள கம்பி ஆனோடாக மாறித் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒட்டுவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது நடக்கும். ஒட்டின் ஓரத்தில் கம்பிக்குப் பதில் தான் அரிபடும் துத்தநாக ஆனோடுகளைக் கம்பியோடு கட்டுவது, பெரிய பரப்பென்றால் மின்சாரம் செலுத்திக் கம்பியைக் காக்கும் கேத்தோடிக் பாதுகாப்பு, இவைதான் வழி. கார்பனேஷன் மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு தேவைப்படாது. நல்ல ஒட்டும், கரியமில வாயுவைத் தடுத்து ஈரத்தை வெளியே விடும் பூச்சும் பெரும்பாலும் போதும்.

ஒப்பந்தம் போடுபவர்களுக்கு ஒன்று. இந்த வேலையை மொத்தத் தொகைக்குப் பேசக் கூடாது. உடைத்துப் பார்த்தால் அளவு கூடும். மொத்தத் தொகை என்றால் உடைப்பதைக் குறைக்கத்தான் கை போகும். சதுர மீட்டருக்கு இவ்வளவு, கூடுதல் 10 மி.மீ. ஆழத்துக்கு இவ்வளவு, இணைகம்பிக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று தனித்தனி விலை வைத்து, சாக்பீஸ் குறியோடு ஒருமுறை, கம்பி தேய்த்தபின் மூடும் முன் ஒருமுறை என இருவரும் சேர்ந்து அளந்து படமெடுத்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் பாண்டிங் கோட் டப்பாவைத் திறக்கவே விடக் கூடாது.