டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம்

2022 ஆயுத பூஜை அன்று ஓசூரில் ஒரு ஷோரூமில் புது லோடு வண்டி எடுத்தேன். விலை 7 லட்சத்து 10 ஆயிரம், அதில் 5 லட்சத்து 50 ஆயிரம் கடன். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு பாலக்கோட்டுக்கு ஓட்டி வந்தேன். அமெரிக்காவில் பழுதோடு வந்து சேரும் புது வண்டிக்கே எலுமிச்சை என்றுதான் பேராம், அதற்கென்று தனிச் சட்டமும் இருக்கிறதாம். என் வழக்கை நடத்திய வக்கீல் பிறகு இதைச் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தக்காளி லோடுதான் பிழைப்பு. பாலக்கோட்டு மண்டியில் ஏற்றி சேலத்தில் இறக்குவேன், திரும்பும்போது மளிகை ரிட்டன் லோடு கிடைக்கும். வண்டி எடுத்த மூன்றாவது வாரம், மீட்டரில் 1,900 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சூட்டு முள் சரசரவென்று ஏறி என்ஜின் நின்றது. பின்னால் லாரிகளின் ஹாரன். கல்லைப் பொறுக்கி டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். ஒரு மணி நேரம் ஆறியதும், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அந்த வண்டியின் குணமே அதுதான். சர்வீஸ் சென்டர் வாசலில் மட்டும் சமர்த்தாக ஓடும்.

முதல் இரண்டு முறை போனபோது, "ஏர் லாக்குண்ணா, எடுத்துட்டோம், இனிமே வராது" என்றார்கள். வண்டியின் குறையை எழுதிக் கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி நீட்டினார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

பென்னாகரத்தில் என் பெரிய மாமா இருக்கிறார், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த இரண்டு கார்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் மாப்ள, வண்டி நடுரோட்டுல நின்னுச்சுன்னு இதுல எங்க இருக்கு? நாளைக்கு நீ கேஸுக்குப் போனா, இவரு சும்மா செக்கப்புக்குத்தான் வந்தாருன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

மூன்றாவது முறை, நான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷனே இல்லண்ணா" என்றார் அங்கே கார்டு எழுதும் தம்பி. சரி என்று பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்கு மேலே தமிழில் நானே எழுதினேன்: 'ஏற்றத்தில் சூடேறி என்ஜின் நிற்கிறது. கூலன்ட் குறைகிறது. மூன்றாவது முறையாக வருகிறேன்.' கூலன்ட் என்றால் என்ஜினைச் சூடேறாமல் காக்கும் திரவம். உடனே போனில் போட்டோ. இப்படியே மொத்தம் ஆறு முறை போனேன். பேனாவில் எழுதிய கார்டு நாலு சேர்ந்தது.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், உத்தரவு போட முடியாது. 'வண்டி சரியான நிலையில் உள்ளது' என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் அதையும் பிரின்ட் எடுத்து வைத்தேன். பிறகு வக்கீல் மூலம் ஷோரூமுக்கும் தயாரித்த கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபால். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் கையைக் காட்டிவிடுவார் என்பதால் இரண்டு பேருக்கும்.

பில்லின் பின்பக்கம் வழக்கு எதுவானாலும் ஓசூரில்தான் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் அதை நம்பியே பல நாள் தயங்கினேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2023 ஜூனில் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். அந்த 200 ரூபாய்க்கு டி.டி. எடுக்க பேங்கில் நின்றதில் ஒரு லோடு போனது.

எதிர்த்தரப்பு பதில் கொடுக்க 30 நாள், கூடுதலாக 15 நாள், அதோடு சரி. கடைசி வாரத்தில் கொடுத்தார்கள். முதல் வாதமே, லோடு வண்டி வைத்து வியாபாரம் செய்கிற நான் நுகர்வோரே இல்லை என்பது. இதில்தான் நிறையப் பேர் பயந்து பின்வாங்குகிறார்கள். சுயதொழிலில் வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் வாங்கியதென்றால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே வண்டி, ஓட்டுவதும் நான்தான் என்று லைசென்ஸையும் கடன் பாஸ்புக்கையும் வைத்தோம். எனக்குக் காய்ச்சல் என்று மச்சான் இரண்டு நாள் ஓட்டியதைக்கூடத் தோண்டி எடுத்து, சம்பள டிரைவர் என்றார்கள். மச்சானுக்கு நான் சம்பளம் கொடுப்பதாவது! அவன் கேட்டு இன்னும் சிரிக்கிறான்.

உற்பத்திக் குறை என்று நம் வாயால் சொன்னால் எடுபடாது, நிபுணர் சொல்ல வேண்டும். மனு போட்டு, கட்டணம் கட்டி, ஒரு கல்லூரி மெக்கானிக்கல் பேராசிரியரை வைத்து வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் பரப்பு சமமாக இல்லை, அதனால்தான் அதன் அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் கசிகிறது என்று அறிக்கை வந்தது. எங்கள் நாலு கார்டில் இருந்த கூலன்ட் கதை அதோடு பொருந்தியது. முதல் இரண்டு கார்டைத்தான் எதிர் வக்கீல் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையே ஒரு தவணைகூட நான் நிறுத்தவில்லை. வண்டி பழுது என்பது கடன் கொடுத்தவருக்குக் கணக்கில்லை, வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

சோதனை இருந்தால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எனக்கு 19 மாதம் ஆனது. நான் கேட்டது முழுப் பணம். மாற்றக்கூடிய பாகத்தில் குறை என்றால் முழு வண்டியை மாற்றித் தரத் தேவையில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு காட்டியது. அதனால் புது என்ஜின், அன்றிலிருந்து புது வாரன்டி, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்து 60 ஆயிரம் என்று உத்தரவு. மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு. அவர்கள் போகவில்லை, நானும் போகவில்லை.

என்ஜின் மாற்ற வண்டியைக் கொண்டுபோய் விட்ட அன்று, அதே தம்பி ஜாப் கார்டையும் பேனாவையும் சேர்த்தே நீட்டினார். "என்ன எழுதணுமோ நீங்களே எழுதிடுங்கண்ணா" என்றார்.