'சேல் அக்ரீட்' பலகைக்கும் சாவிக்கும் நடுவே

டப்ளினில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு நாள் வரும். ஏஜென்ட் வாசல் பலகையில் 'சேல் அக்ரீட்', அதாவது விலை பேசி முடிந்தது என்று ஒட்டிவிடுவார், நாமும் வீடு அமைந்துவிட்டது என்று ஊருக்குப் போன் போட்டுவிடுவோம். நானும் போட்டேன். அது வெறும் வாய்ப்பேச்சுதான், இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை நாமும் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம், கூட விலை கேட்டு ஆள் வந்தால் அவர்களும் கைவிடலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்களுக்கு அந்த இடைவெளி பதினைந்து வாரம்.

வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்க, நண்பர் சொன்ன சொலிசிட்டரிடம் (வக்கீல்) போனோம். போவதற்கு முன்னால் அயர்லாந்து லா சொசைட்டியின் இணையத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். சொலிசிட்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, வருடா வருடம் தொழில் செய்ய சர்டிஃபிகேட் கொடுப்பது, அவர்கள் கையாளும் கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு பார்ப்பது எல்லாம் இந்தச் சங்கம்தான். பெயர் இருந்தது, சரி என்று ஒப்புக்கொண்டோம். முதல் வேலையாகக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கொடுத்தார், 2015 சட்டப்படி அது கட்டாயமாம்.

அப்புறம் ஆறு வாரம் எந்தச் சத்தமும் இல்லை. மெயில் போட்டால் "எதிர்த்தரப்பு பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று ஒரே ஒரு வரி. வாடகை வீட்டு ஓனர் வேறு எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி கோபம் தலைக்கேறி, சங்கத்திலேயே புகார் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். புகார்களை அவர்கள் 2019 அக்டோபரிலிருந்து வாங்குவதில்லையாம், சட்டச் சேவை ஒழுங்குமுறை ஆணையம் என்று தனி அமைப்பு இருக்கிறது. அங்கே போகும் முன் சொலிசிட்டரையே ஒரு தடவை நேரில் கேட்டுவிடலாம் என்று போனேன், நல்ல வேளை.

அவர் மேசையில் ஒரு கத்தைத் தாளைத் திருப்பிக் காட்டினார். சொத்தின் உரிமை பற்றி விற்பவரிடம் கேட்க லா சொசைட்டி தயாரித்த கேள்விப் படிவம், 'ரெக்விசிஷன்ஸ் ஆன் டைட்டில்' என்கிறார்கள். வில்லங்கச் சான்று பார்க்கிற நம் பழக்கத்துக்கு இது பத்து மடங்கு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வாசல் ரோட்டைக் கவுன்சில் பொறுப்பில் எடுத்துக்கொண்டதா, சொத்து வரி பாக்கி உண்டா, விற்பவரின் மனைவி சம்மதித்தாரா (1976 சட்டப்படி, குடும்பம் குடியிருக்கும் வீட்டைத் துணையின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்றால் செல்லாது). முன்பெல்லாம் கையெழுத்துக்குப் பிறகு கேட்ட இவற்றை, 2019 ஜனவரியிலிருந்து சங்கத்தின் விற்பனை ஒப்பந்தம் முன்னாலேயே கேட்கச் சொல்லிவிட்டது. தாமதம் முன்பக்கம் வந்துவிட்டது, ஆனால் கையெழுத்துப் போட்டு விலையில் பத்து சதவீதம் கட்டிய பிறகு தலையில் கைவைத்து உட்காருவதற்கு இது எவ்வளவோ தேவலை என்பேன்.

எங்கள் கேஸில் சிக்கியது சமையலறை. பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாற்பது சதுர மீட்டருக்குள், இன்னும் சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டு இருந்தால் திட்ட அனுமதி வேண்டாம், ஆனால் அப்படித்தான் இருக்கிறது என்று ஆர்க்கிடெக்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தைத் தொலைத்துவிட்டார் விற்பவர். புது ஆர்க்கிடெக்ட் வந்து டேப் பிடித்து அளக்க ஐந்து வாரம்!

அடுத்த கண்டம் எங்கள் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர், பேங்க் கடிதத்தில் வெறும் இனிஷியல், மனைவி பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். ஆபீசில் இருந்த அம்மணி மூன்று தாளையும் வரிசையாக வைத்து, "மொத்தம் எத்தனை பேர் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். எந்தப் பெயரில் இருந்தாலும் நான் ஒரே ஆள், மனைவி ஒரே ஆள் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

பணம் அனுப்பும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். சொலிசிட்டரின் ஐபான் எண் (வங்கிக் கணக்கு எண்) மாறிவிட்டது என்று மெயில் வந்தால் நம்பாதீர்கள், அது திருட்டு வேலையாக இருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவர் நம்பருக்குப் போன் போட்டு எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். நான் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே படித்தார். பேங்க் கடன் பணமும் சொலிசிட்டர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை நம்பித்தான் வருகிறது, அதை மீறினால் அவர் தொழிலுக்கே ஆபத்து.

சாவி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏஜென்ட் ஆபீசில் கிடைத்தது, ஒரு கவரில். பதிவு முடிய இன்னும் சில மாதம் ஆனது. ஐந்து யூரோ கட்டி ஃபோலியோவை (நிலப் பதிவேட்டில் நம் வீட்டுக்கான பக்கம்) இறக்கிப் பார்த்தால், உரிமையாளர் இடத்தில் என் பெயரோடு அப்பா பெயரும் கொட்டை எழுத்தில். துறையூரிலிருந்து திருச்சிக்குப் போகவே சலித்துக்கொள்கிற மனுஷர். போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் கேட்டார்: "தண்ணி எங்கேருந்துப்பா வருது?"