தொண்ணூறுகளில் யார் பெரியவர்: ஹோலிஃபீல்டா, லூயிஸா?

குத்துச்சண்டை பார்க்கும் இருவர் எழுபதுகளின் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாக்குவாதம் நீள்வதில்லை. அலி என்ற பெயர் வந்ததும் எதிராளி பாதி வழிக்கு இறங்கி வந்துவிடுவார். தொண்ணூறுகள் அப்படி இறங்கி வர விடுவதில்லை. ரிடிக் போவ் ஹோலிஃபீல்டை வென்றார், ஹோலிஃபீல்ட் டைசனை வென்றார், லூயிஸ் ஹோலிஃபீல்டை வென்றார், அந்த லூயிஸை ஆலிவர் மெக்கால் இரண்டாவது சுற்றிலேயே சாய்த்தார். போவும் லூயிஸுமோ தொழில்முறை வளையத்தில் சந்திக்கவே இல்லை. நான் நெடுங்காலம் எவாண்டர் ஹோலிஃபீல்டின் கட்சியில் இருந்தவன். என் நண்பர் ஒருவர் இன்றும் அந்தக் கட்சியில்தான் இருக்கிறார். நான் லெனாக்ஸ் லூயிஸ் பக்கம் மாறியதை அவர் துரோகம் என்றே சொல்கிறார் என்பதால், காரணத்தை விளக்கமாக எழுதிவிடுவது நல்லது.

மைக் டைசனை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அவருடைய காலம் எண்பதுகளின் பிற்பகுதி. 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில், 42-க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் யாரும் பொருட்படுத்தாத பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது சுற்றில் விழுந்தபோது அந்தக் காலம் முடிந்தது. பிறகு சிறை, 1995-இல் விடுதலை, 1996-இல் ஹோலிஃபீல்டிடம் பதினோராவது சுற்றில் தோல்வி, 1997-இல் அதே ஹோலிஃபீல்டின் காதைக் கடித்ததற்காகத் தகுதிநீக்கம். இந்தப் பத்தாண்டில் அவர் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. அது வேறு கணக்கு.

ஹோலிஃபீல்டுக்கான வாதம் எளிதானது, வலுவானதும்கூட. அவர் யாரையும் தவிர்க்கவில்லை. டக்ளஸ், ஜார்ஜ் ஃபோர்மன், லாரி ஹோம்ஸ், போவுடன் மூன்று முறை, மைக்கேல் மூரருடன் இரண்டு முறை, ரே மெர்சர், டைசனுடன் இரண்டு முறை, லூயிஸுடன் இரண்டு முறை என்று நீளும் பட்டியல் அந்தக் காலத்தில் வேறு எவரிடமும் இல்லை. அதிலும் அவர் இயல்பில் ஹெவிவெயிட் அல்லர். அதற்கு ஒரு படி கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவில் உலகப் பட்டம் வென்று, உடலைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தவர். 1992 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் 205 பவுண்டு எடையுடன் 235 பவுண்டு போவுக்கு எதிரே நின்றபோது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

அந்தச் சண்டையின் பத்தாவது சுற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுற்று தொடங்கிச் சிறிது நேரத்தில் போவின் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) ஒன்று ஹோலிஃபீல்டின் தாடையைத் தூக்கியது. அதற்குப் பிறகு கயிற்றோரமாக அவர் வாங்கிய குத்துகளைப் பார்க்கும் எவரும், நடுவர் ஏன் இன்னும் சண்டையை நிறுத்தவில்லை என்றே கேட்பார்கள். கால்கள் தள்ளாடின, கைகள் பாதி உயரத்தில்தான் இருந்தன. போவ் அடித்துக் களைத்து மூச்சு வாங்க நின்ற கணத்தில், அதே மனிதர் முன்னே வந்து திருப்பி அடிக்கத் தொடங்கினார். சுற்று முடியும்போது பின்வாங்கிக்கொண்டிருந்தவர் போவ். அடுத்த சுற்றில் ஹோலிஃபீல்ட் விழுந்தார், எழுந்தார், புள்ளிகளில் தோற்றார். தோற்ற சண்டையில் இவ்வளவு பெயர் சம்பாதித்தவர் அரிது. மறு ஆண்டு, ஏழாவது சுற்றில் ஒருவர் பாராசூட்டோடு வளையத்தின் கயிறுகளில் வந்து விழுந்து ஏறத்தாழ 20 நிமிடம் தடைபட்ட அந்த விசித்திரமான இரவில், அதே போவிடமிருந்து பட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

ஆனால், நான் மாறியது இங்கிருந்துதான். அந்தப் பத்தாவது சுற்று தைரியத்துக்குச் சாட்சியே தவிர, திறமையில் மேலானவர் யார் என்பதற்குச் சாட்சி அல்ல. ஹோலிஃபீல்டிடம் ஒரு பழைய குறை உண்டு: அடி பட்டால் கோபம் வந்து, பயிற்சியாளர் சொன்ன திட்டத்தை விட்டுவிட்டு, எதிராளி விரும்பும் நெருக்கத்தில் நின்று குத்துக்குக் குத்து பரிமாறுவார். நாம் அவரை நேசித்ததே அதற்காகத்தான். 1990-களுக்குள் அவர் போவிடம் இரண்டு முறையும், மூரரிடம் ஒரு முறையும், லூயிஸிடம் ஒரு முறையும் தோற்றதில் அந்தக் குணத்துக்கும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

லூயிஸ் இதற்கு நேர் எதிர். 1994 செப்டம்பரில் வெம்ப்ளியில், வலது கையை ஓங்கி, இடது கையைத் தாழ்த்தி முன்னே வந்தவரை மெக்காலின் ஒரே வலதுகைக் குத்து கீழே தள்ளியது. எழுந்துவிட்டார், ஆனால் நடுவர் நிறுத்திவிட்டார். அவசரப்பட்டு நிறுத்திவிட்டார் என்று புலம்புவதோடு நின்றுவிடாமல், அன்று மெக்காலின் மூலையில் நின்று அந்தக் குத்துக்குத் திட்டம் போட்ட இமானுவேல் ஸ்டூவர்டையே லூயிஸ் தன் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டார். தன்னை வீழ்த்திய மூளையை விலைக்கு வாங்குவதைவிட நிதானமான பதில் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு வந்த லூயிஸிடம் கால்களின் சமநிலை கூடியது. நீண்ட இடதுகை ஜாப் (நேராக நீட்டி விடும் விரைவான குத்து) எதிராளியை அளந்து வைக்க, வலது கை அதன் பின்னால் சுருக்கமாக வந்தது. 1997-இல் மெக்காலை மீண்டும் சந்தித்து வென்றார். மெக்கால் அழுதுகொண்டே கைகளைத் தொங்கவிட்ட அந்தச் சண்டையை வெற்றி என்று பெருமையாகச் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

லூயிஸ் பெரிய ஆட்களோடு போதுமான அளவு மோதவில்லை என்று நண்பர் சொல்வார். அதற்கு லூயிஸை மட்டும் குறை சொல்லக் கூடாது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், கனடாவுக்காக ஆடிய லூயிஸ் போவை இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தினார். 1992-இல் பட்டத்துக்காக அடுத்து மோத வேண்டியவராக லூயிஸ் வரிசையில் நின்றபோது, போவ் தன் உலகப் பட்டங்களுள் ஒன்றின் பெல்ட்டை லண்டனில் செய்தியாளர்கள் முன்னிலையில் குப்பைத் தொட்டியில் போட்டார். 1996-இல் டைசன் தரப்பு, லூயிஸ் பட்டச் சண்டைக்கான தன் முறையை விட்டு ஒதுங்கி நிற்பதற்காக 40 லட்சம் டாலர் கொடுத்தது. ஒருவரை எதிர்கொள்வதைவிடக் குப்பைத் தொட்டியும் காசோலையும் மேல் என்று மற்றவர்கள் நினைத்திருந்தால், அதுவும் ஒரு வகைப் புள்ளிப் பட்டியல்தான்.

மிஞ்சியது 1999 மார்ச் 13, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். மூன்றாவது சுற்றில் நாக் அவுட் செய்வேன் என்று ஹோலிஃபீல்ட் சொல்லியிருந்தார். மூன்றாவது சுற்றில் வேகமாகத்தான் வந்தார், காரியம் நடக்கவில்லை. ஐந்தாவது சுற்றில் கயிற்றோரம் சிக்கி அடி வாங்கினார். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கின்படி மொத்தத்தில் லூயிஸின் 348 குத்துகள் பட்டன, ஹோலிஃபீல்டின் 130 பட்டன. ஆயினும் தீர்ப்பு சமன். புள்ளி நடுவர்களில் ஒருவர் 116-113 என்று லூயிஸுக்கும், ஒருவர் 115-113 என்று ஹோலிஃபீல்டுக்கும், மூன்றாமவர் 115-115 என்றும் எழுதியிருந்தனர். ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்தவர் அந்த ஐந்தாவது சுற்றையும் அவருக்கே கொடுத்திருந்தார்! சுற்றை வென்றவருக்குப் பத்துப் புள்ளி தரும் முறையில் ஒரு சுற்றை மயிரிழையில் வென்றாலும் புரட்டி எடுத்து வென்றாலும், எதிராளி விழாதவரை, பெரும்பாலும் 10-9 மட்டுமே கிடைக்கும் என்பதால் குத்துகளின் எண்ணிக்கையும் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதை ஏற்றுக்கொண்டாலும் அந்த ஐந்தாவது சுற்றுக்கு என்னால் விளக்கம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று ஹோலிஃபீல்டுக்கு 36 வயது, எத்தனையோ போர்களைக் கண்ட உடம்பு என்பது நண்பரின் கடைசி ஆயுதம். லூயிஸும் சிறுவரல்லர், 33. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் டைசனை வென்றபோது, வயது ஹோலிஃபீல்டுக்கு அனுபவமாகக் கணக்கில் வந்தது. லூயிஸ் எதிரே நின்றதும் அதே வயது முதுமையாக மாறிவிடக் கூடாது.

வர்ணனையாளர்களின் குரல் மனத்தைத் திருப்பிவிடும் என்பதால், சென்ற மாதம் 1999-இல் இருவரும் மோதிய இரண்டு சண்டைகளையும் ஒலியை அடைத்துவிட்டு, கையில் தாளும் பேனாவுமாகப் பார்த்தேன். மார்ச் சண்டைக்கு என் தாளில் லூயிஸ் 117-111. நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த, லூயிஸ் ஒருமனதாக வென்ற மறுசண்டை அவ்வளவு சுலபமாக இல்லை. இருவரும் நடு வளையத்தில் நின்று மோதிய ஏழாவது சுற்றை எவ்விதத் தயக்கமும் இல்லாமல் ஹோலிஃபீல்டுக்கே எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது 115-113, லூயிஸுக்கு. தாளை நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாவது சுற்றை நான் தவறாகப் போட்டிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது.