வெடிமருந்துக் கிடங்குக்கு உரிமம் வாங்கிய அனுபவம்

ஆப்பிரிக்காவில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் வெடிமருந்துக் கிடங்குக்குப் பாதுகாப்புத் தூரம் கணக்கிட்டு உரிமம் பெறும் பொறுப்பு எனக்கு வந்தது. வெடிமருந்துப் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் சேஃபர்கார்ட் திட்டத்தின் இணையக் கருவிகளில் கணக்கு நொடியில் முடிந்துவிடும். அதில் இட வேண்டிய எண்களைத் திரட்டுவதற்குள்தான் படாத பாடு பட்டேன்.

மொத்தமாக ஒரே கணத்தில் வெடிக்கும் 1.1 வகைச் சரக்கு 27,000 கிலோ என்றால், அதன் கனமூலமான 30ஐ 22.2 ஆல் பெருக்கி, குடியிருப்புகள் 666 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று கருவி வட்டம் போட்டுக் காட்டும். இந்த எடை வெடிபொருளின் நிகர எடை. எங்கள் பதிவேட்டிலோ பெட்டிகளின் மொத்த எடை மட்டுமே இருந்தது. ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள 81 மி.மீ. மோர்ட்டார் குண்டில் வெடிபொருள் ஒரு கிலோவுக்கும் குறைவு என்பதை எடுத்துச் சொல்லியும், தம் படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை என்பதையே எழுத்தர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் நானே கிடங்குக்குள் போய், ஆபத்து வகையைக் காட்டும் செம்மஞ்சள் சாய்சதுர வில்லைகளையும், எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் மங்கிப்போன லாட் எண்களையும் பெட்டி பெட்டியாகப் படித்தேன். அப்படிப் படித்ததால்தான், பதிவேட்டில் வெறுமனே ‘புகைக்குண்டு’ என்றிருந்தவை காற்றுப் பட்டாலே தீப்பற்றும் வெள்ளைப் பாஸ்பரஸ் அடைத்த, மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாத எச் குழுச் சரக்கு என்பதும், மோர்ட்டார் குண்டுகளோடு ஒரே அடுக்கில் அவை இருப்பதும் தெரிந்தன. அன்று மாலைக்குள் அவற்றைத் தனியே அகற்றவைத்தேன்.

முகாமின் மனைப்படத்துக்காகத் தலைமையகம் போனது வீண் அலைச்சல். பொறியியல் பிரிவு தளவாடப் பிரிவைக் கை காட்டியது. தளவாடப் பிரிவோ தளபதியின் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. ஒருவழியாகக் கிடைத்த படத்தில் பாகை, கலை, விகலையில் இருந்த இடக்குறிப்பை யாரோ தசமமாக மாற்றும்போது 30 கலையை (60 கலை ஒரு பாகை) .50 என்று எழுதாமல் .30 என்று எழுதியிருந்தார்கள். இந்த வித்தியாசம் தரையில் 20 கிலோமீட்டருக்கும் மேல். கிடங்கு ஆற்றின் நடுவில் போய் விழுந்ததால் உடனே கண்ணில் பட்டது. வெட்டவெளியில் விழுந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இதைவிடக் கவலை தந்தது செயற்கைக்கோள் படம். அதில் கிழக்கு வேலிக்கு அப்பால் வெற்று நிலம். நேரில் போனால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குடிசைகளும் சிறு சந்தையும் இருந்தன. ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து ஒவ்வொன்றையும் குறித்து ஏற்றியபோது பல குடிசைகள் வட்டத்துக்குள் வந்தன. அடுக்குகளைச் சுற்றியுள்ள மண் அணையை உயர்த்தினால் போதாதா என்று கேட்டார்கள். அணை பக்கத்து அடுக்குக்கு வெடிப்பு தாவாமல் தடுக்கும். குடியிருப்புத் தூரத்தை அது குறைக்காது. சரக்கை இரண்டு அடுக்காகப் பிரித்தாலும், அவற்றுக்கிடையே உரிய இடைவெளி இல்லையென்றால் இரண்டையும் கூட்டி ஒன்றாகவே கணக்கிட வேண்டும். கனமூலக் கணக்கில் தூரத்தைப் பாதியாக்க இருப்பை எட்டில் ஒரு பங்காக்க வேண்டியிருக்கும். அப்படிக் குறைத்தாலும், பறக்கும் சில்லுகளுக்காக விட வேண்டிய குறைந்தபட்சத் தூரம் குறுக்கே நிற்கும்.

2002 ஜனவரி 27 அன்று லாகோஸின் இக்கேஜா ராணுவக் கிடங்கு வெடித்தபோது தப்பியோடியவர்கள் கால்வாயில் மூழ்கி நூற்றுக்கணக்கில் இறந்ததையும், 2011 ஜூலையில் சைப்ரஸ் கடற்படைத் தளத்தில் அடுக்கியிருந்த 98 கொள்கலன்கள் வெடித்து 13 பேர் மாண்டதோடு அருகிலிருந்த மின்நிலையமும் சிதைந்ததையும் எழுதி, வரைபடத்தோடு தளபதியிடம் கொடுத்தேன். மிகைச் சரக்கைத் திருப்பி அனுப்ப அவர் ஒப்பினார். அதன்பின் உரிமம் தடையின்றி வந்தது.

இதே வேலையில் இறங்குபவர்கள் உச்ச இருப்பு அளவோடு, பயன்படுத்திய செயற்கைக்கோள் படத்தின் தேதியையும் உரிமத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் கிடங்குக் கதவில் இரண்டும் ஒட்டப்பட்டிருக்கின்றன. வேலிக்கு வெளியே புதிய கூரை எழுந்தால் மறுகணக்குக் கேட்கும் உரிமை காவல் பொறுப்பாளருக்கு எழுத்திலேயே தரப்பட்டுள்ளது.